கட்டடம் ஏன் பின்னால் சாய்கிறது?

சென்ட்ரலில் இறங்கி வெளியே வருகிறவர்கள் செல்போனில் எடுக்கும் ரிப்பன் மாளிகைப் படங்களைப் பாருங்கள். பத்தில் ஒன்பதில் மணிக்கூண்டு மல்லாந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக உள்வாங்கி, கட்டடமே பின்பக்கமாக விழப்போகிறது என்று தோன்றும். 1913இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிமிர்ந்துதான் நிற்கிறது. வாசலில் மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டிய வருடங்களிலும் நிமிர்ந்தே நின்றது. படத்தில் மட்டும் சாய்கிறது.

“போன் கேமரா என்றால் அப்படித்தான், நல்ல கேமராவாக வாங்கு” என்று யாராவது சொல்வார்கள். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அதே இடத்தில் நின்று அதே மாதிரி அண்ணாந்து எடுத்தால் அதே அளவு சாயும். லென்ஸுக்கு இதில் பங்கு குறைவு. நாம் எங்கே நிற்கிறோம், கேமராவை எப்படிப் பிடிக்கிறோம் என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

கேமராவுக்குள் நடப்பது பள்ளிக்கூட வடிவியல்தான். எதிரே உள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு நேர்கோடு கிளம்பி, லென்ஸின் மையம் வழியாகப் போய், தட்டையான சென்சாரில் விழுகிறது. சுவரும் சென்சாரும் இணையாக இருந்தால் சுவரில் இணையாக உள்ள கோடுகள் படத்திலும் இணையாகவே விழும். போனை அண்ணாந்து பிடித்த கணமே அந்த இணை கெட்டுவிடுகிறது. எவ்வளவு கெடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிப்பன் மாளிகையின் நடுக்கோபுரம் 43 மீட்டர் உயரம். அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கோபுரத்தின் அடி 20 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. உச்சியோ கண்ணிலிருந்து 46 மீட்டர் தூரத்தில். முழுக் கோபுரமும் ஃப்ரேமுக்குள் அடங்க போனைச் சுமார் 32 டிகிரி அண்ணாந்து பிடிக்கவேண்டும். அப்படி எடுத்த படத்தில் அடியில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விழுகிற சுவர், உச்சியில் 4 சென்டிமீட்டராகச் சுருங்கிப்போகும்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். போனை நிமிர்த்திப் பிடித்தாலும் உச்சி அதே 46 மீட்டரில்தானே இருக்கிறது? அப்போது மட்டும் ஏன் சுருங்குவதில்லை? விடை கேமராவுக்குள் இருக்கிறது. உச்சியின் பிம்பம் விழுவது சென்சாரின் ஓரத்தில். லென்ஸின் மையத்திலிருந்து சென்சாரின் நடுவுக்கு உள்ள தூரத்தைவிட ஓரத்துக்கு உள்ள தூரம் அதிகம். போன் நிமிர்ந்திருக்கும்போது, வெளியே தூரம் எந்த விகிதத்தில் கூடியதோ அதே விகிதத்தில் உள்ளேயும் கூடுகிறது. தூரத்தால் குறைந்தது உள்ளே ஈடாகிவிடுகிறது. போனைச் சாய்த்தால் இந்த ஈடுகட்டல் உடைகிறது.

நேரில் பார்க்கும்போது ஏன் சாய்வதில்லை என்பது இன்னும் சுவையான கேள்வி. உண்மையில் நம் விழித்திரையிலும் கோபுரத்தின் பிம்பம் மேலே குறுகித்தான் விழுகிறது. ஆனால் கழுத்து எவ்வளவு பின்னால் வளைந்திருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு, பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கழித்துப் பார்த்து, சுவர் நேராகத்தான் நிற்கிறது என்று மூளை முடிவுசெய்கிறது. அந்த முடிவைத்தான் நாம் பார்வை என்கிறோம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தலை குனிந்து போன் திரையைப் பார்க்கும்போது இந்தத் தகவல் எதுவும் இல்லை. கையில் இருப்பது ஒரு தட்டையான படம், அதில் ஒரு கட்டடம் குறுகிக்கொண்டு போகிறது. மூளை திருத்த மறுக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். எந்தப் படத்துக்கும், கேமரா இருந்த நிலையிலிருந்து அதைப் பார்க்கும் சரியான தூரம் என்று ஒன்று உண்டு. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள திரை முழுவதும் நிறைகிற, போனின் சாதாரண லென்ஸால் எடுத்த படத்துக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். நாம் அதைப்போல் மூன்று மடங்கு தள்ளி வைத்துப் பார்க்கிறோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போனை முகத்துக்கு மேலே உயர்த்தி, எடுத்தபோது இருந்த அதே சாய்வில் பிடித்து, 11 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கூண்டு எழுந்து நின்றுவிடும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அவ்வளவு பக்கத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது என்பது வேறு விஷயம். படம் பொய் சொல்லவில்லை என்பதற்கு இது போதும். அதைத் தப்பான இடத்திலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஊரில் உள்ள எல்லோரையும் போனை நெற்றிக்கு மேல் பிடித்துப் பார்க்கச் சொல்ல முடியாது. ஆகவே எடுக்கும்போதே நிமிர்த்தி எடுக்கவேண்டும். இன்றைய செல்போன்களின் முதன்மை லென்ஸ், நெடுக்கே பிடித்தால் மேலும் கீழுமாகச் சேர்த்து ஏறக்குறைய 67 டிகிரி பார்க்கிறது. கண்மட்டத்துக்கு மேலே பாதி, கீழே பாதி. இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது: கட்டடத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்றால், போனைத் துளியும் சாய்க்காமல் உச்சி வரை ஃப்ரேமுக்குள் வந்துவிடும். ரிப்பன் கோபுரத்துக்கு இது ஏறத்தாழ 64 மீட்டர். ‘0.5 எக்ஸ்’ என்று போட்டிருக்கும் அகன்ற லென்ஸ் என்றால் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 32 மீட்டர் போதும். கேமரா அமைப்புகளில் கிரிட் கோடுகளை இயக்கிவிட்டு, அடிவானம் எங்கே இருக்குமோ அந்த மட்டம் மேல், கீழ்க் கோடுகளுக்குச் சரியாக நடுவே வரும்படி பிடித்தால் போன் நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி எடுத்த படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தார்ரோடும் ஆட்டோக்களின் கூரையுமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அதை வெட்டிவிடலாம். பாதியை வெட்டியும் மிச்சம் வைக்கிற அளவுக்கு இன்றைய சென்சார்களில் புள்ளிகள் இருக்கின்றன. வெட்ட மனமில்லாதவர்கள் உயரே ஏறவேண்டும். நடைமேம்பாலம், எதிர்க்கட்டடத்தின் இரண்டாம் மாடி ஜன்னல், மெட்ரோ நிலையத்தின் மேல்தளம், எது கிடைத்தாலும் சரி. கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் தேவையான தூரமும் பாதியாகிவிடும். பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் ஒன்றரை மடங்கு பின்வாங்க இடம் ஏது? பின்னால் இரண்டடி வைத்தால் மீன்பாடி வண்டிக்காரர் திட்டுவார். அங்கே ஏறுவதுதான் ஒரே வழி.

அகன்ற லென்ஸுக்கு ஒரு விலை இருக்கிறது. சென்சாரின் ஓரத்தில் பிம்பம் ஈடுகட்டப்படுகிறது என்றேனே, அது சுவருக்குச் சரி. உருண்டையான பொருளுக்குச் சரியில்லை. படத்தின் நடுவிலிருந்து 35 டிகிரி தள்ளி இருக்கும் ஓர் உருண்டை, ஆரத்தின் திசையில் 22 சதவீதம் இழுபட்டு விழும். 50 டிகிரியில் ஒன்றரை மடங்குக்கும் மேல். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் கோபுரமும் குவிமாடமுமாக நிறைந்திருப்பதால் இந்தக் கூத்தை அங்கே நன்றாகப் பார்க்கலாம். 0.5 எக்ஸில் எடுத்தால் நடுவில் இருக்கும் குவிமாடம் லட்சணமாக இருக்கும், ஓரத்தில் இருப்பவை கோழிமுட்டையாகி மூலையை நோக்கி நீளும். குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் அத்தை படத்தைப் பார்த்ததும் அழிக்கச் சொல்வதற்கும் இதே வடிவியல்தான் காரணம்.

ஜூம் செய்தால் பின்னால் இருப்பவை நெருங்கி வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஜூம் எதையும் நெருக்குவதில்லை. நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஒரு படம் சாதாரணமாக, ஒரு படம் 3 எக்ஸில் எடுங்கள். முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டாவது படம் கிடைத்துவிடும், தெளிவு மட்டும் குறையும். எதற்குப் பின்னால் எது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தூரம் மட்டுமே முடிவுசெய்கிறது. அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறந்தபோது 14 மாடியோடு ஊரையே அண்ணாந்து பார்க்கவைத்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று எடுத்தால் இன்றும் அது வானத்தை முட்டும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய் ஜூமில் எடுத்தால், சுற்றிலும் முளைத்துவிட்ட கட்டடங்களோடு அதன் உண்மையான அளவு தெரிந்துவிடும். கிராமத்திலிருந்து கதாநாயகன் பட்டணத்துக்கு வருவதைக் காட்ட எல்.ஐ.சி.யைக் காட்டிய அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் எங்கே நின்று எடுக்கவேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்.

கோயில் கோபுரம் தனிக்கதை. அது கட்டும்போதே மேலே குறுகுவதால் கேமராவின் சாய்வை ஒளித்துவைத்துக்கொள்கிறது. மயிலாப்பூர் மாட வீதியில் நின்று அண்ணாந்து எடுத்த கபாலீசுவரர் கோயில் கோபுரப் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இருப்பதைவிட ஒல்லியாக, உயரமாக இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. குட்டு உடைவது கீழே, கல்காரப் பகுதியில். சுதைச் சிற்பங்கள் தொடங்குவதற்குமுன் உள்ள அந்தக் கருங்கல் சுவரின் மூலைகள் செங்குத்தானவை. படத்தில் அவை உள்ளே சாய்ந்திருந்தால் மேலே இருப்பதும் அந்த அளவுக்கு மிகையாகக் குறுகியிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் உள்ள மின்கம்பமும் இதே சாட்சி சொல்லும்.

சாய்வே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கோபுரத்தடியில் நின்று நேரே மேலே பார்த்து எடுத்த படம் பிரமாதமாக இருக்கலாம். சாய்ப்பதென்றால் துணிந்து சாய்க்கவேண்டும். ஐந்து டிகிரி, பத்து டிகிரிச் சாய்வு இரண்டுங்கெட்டான், பார்ப்பவருக்கு அது கவனக்குறைவாக மட்டுமே படும்.

கட்டடங்களையே தொழிலாகப் படம் எடுத்தவர்கள் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டார்கள். பழைய ஸ்டூடியோக்களில், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும் துருத்தி வைத்த பெட்டி கேமரா இருந்ததே, அதில் லென்ஸ் பொருத்திய முன்பலகையைத் தனியாக மேலே நகர்த்த முடியும். பெட்டி நிமிர்ந்தே இருக்கும், லென்ஸ் மட்டும் உயரும். லென்ஸ் உருவாக்கும் வட்டமான பிம்பம் தகட்டைவிடப் பெரியது. லென்ஸை நகர்த்தும்போது அந்த வட்டத்தில் தரையைக் காட்டும் பகுதி தகட்டுக்கு வெளியே போய், கோபுர உச்சியைக் காட்டும் பகுதி உள்ளே வந்துவிடுகிறது. நாம் போனில் நிமிர்த்தி எடுத்துக் கீழ்ப்பாதியை வெட்டுகிறோமே, அதே வேலைதான், வீணாக்காமல் செய்வது. 1960களின் தொடக்கத்தில் நிக்கான் நிறுவனம் சிறிய ஃபிலிம் கேமராவுக்கும் இப்படி நகரும் லென்ஸைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் ‘ஷிஃப்ட் லென்ஸ்’ என்ற பெயரில் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

போனில் உள்ள செயலிகள் சாய்ந்த படத்தை ஒரு விரல் இழுப்பில் நிமிர்த்துகின்றன. நல்ல வசதிதான், ஆனால் இலவசமாக வருவதில்லை. மேலே பார்த்த கணக்கில் உச்சி 4, அடி 10. உச்சியை அடியின் அகலத்துக்கு இழுக்க, அங்கே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இரண்டரை மடங்கு நீட்டப்படவேண்டும். இல்லாத விவரத்தை மென்பொருள் இட்டுநிரப்புகிறது. கோபுரத்தின் மிக நுணுக்கமான வேலைப்பாடு இருப்பது பெரும்பாலும் உச்சியில்தான், படம் மழுங்குவதும் அங்கேதான். கொஞ்சம் சாய்ந்த படத்தைத் திருத்தலாம். முழுக்க மல்லாந்த படத்தைத் திருத்துவதைவிட இருபதடி பின்னால் நடப்பது மேல்.

1858ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஒருவர் இதையெல்லாம் எந்த மென்பொருளும் இல்லாமல் செய்திருக்கிறார். லின்னேயஸ் ட்ரைப் என்ற அந்த ராணுவ அதிகாரி, மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றியவர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படமாகக் காட்ட நினைத்தார். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்திருந்தால் ஓரங்கள் குறுகி எழுத்து சிதைந்திருக்கும். அவர் கேமராவைச் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டே போய் 21 படங்களாக எடுத்து ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளம் வருகிறது அந்தப் படம்.

ட்ரைப்பின் படங்களில் சில வானங்களில் மேகம் இருக்கும். அது அவரே நெகட்டிவில் வரைந்தது. அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை மட்டும்தான் நன்றாக உணரும். வானம் முழுக்க நீலம், ஆகவே அது வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். சிவப்பை அது உணராது. பழைய படங்களில் செங்கல் கட்டடங்கள் கரியாகத் தெரிவதற்கு ஊர்ப் புழுதி காரணமில்லை.

வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம். எந்தக் கட்டடத்தை எப்போது எடுப்பது என்பதற்கு அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால் போதும். மெரினா கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி உள்ளிட்ட கட்டடங்கள் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கு பார்த்து நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு அவற்றின் முகத்தில் நேர் வெயில் விழும். பிற்பகலில் தங்கள் நிழலிலேயே நிற்கும், பின்னால் வானம் கூசும். இது எளிது. தெற்கு பார்த்த கட்டடங்களின் கணக்குதான் சென்னைக்காரர்கள் பலர் யோசித்திராதது. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே சூரியன் வடகிழக்கில் உதித்து, உச்சிக்கு வடக்கே கடந்து, வடமேற்கில் மறைகிறது. நாள் முழுவதும் வடக்குப் பாதியிலேயே இருக்கிறது. சரியாகத் தெற்கு பார்த்த ஒரு சுவரில் ஏறத்தாழ நான்கு மாதம் நேர் வெயில் ஒரு கீற்றுகூட விழாது!

ரிப்பன் மாளிகை ஏறத்தாழ தெற்கு பார்த்தது. கத்திரி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து எடுக்கும் படத்தில் அதன் முகப்பு உப்புச்சப்பில்லாமல் இருப்பது இதனால்தான். மார்கழியில் போங்கள். நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். காலையும் மாலையும் பக்கவாட்டு வெயில் வளைவுகளுக்குள் நிழலைத் தள்ளி, ஒவ்வொரு தூணையும் தனியாக எடுத்துக் காட்டும். மழை கழுவிவிட்ட காற்றும் கூடுதல் லாபம்.

ரிப்பன் மாளிகையின் வெள்ளை நிறத்தில் இன்னொரு சிக்கல். கேமராவின் ஒளிமானிக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எல்லாக் காட்சியும் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில்தான் அது கணக்குப் போடுகிறது. ஃப்ரேம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால் அதைச் சாம்பலுக்கு இறக்கிவிடும். இன்றைய போன்கள் காட்சியை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன, முழுதாக அல்ல. திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் மாளிகை வெளுத்துவிடும். உயர் நீதிமன்றத்தின் அடர்சிவப்புக்கு இதன் எதிர்ப்பக்கம்.

விளக்கு போட்ட கட்டடத்தை எடுக்க நல்ல நேரம் நடு இரவு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். வானம் கறுத்தபின் விளக்கு மட்டும் எரியும், கட்டடத்தின் விளிம்பு இருட்டில் கரைந்துவிடும். வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் சிறிய இடைவெளிதான் வேண்டும். லண்டனில் கோடையில் அதற்காக நிதானமாகக் காத்திருக்கலாம். சென்னையில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால், அஸ்தமனத்திலிருந்து அந்தி மங்கும்வரை சுமார் 22 நிமிடம்தான். அதற்குள் வானம் ஆழ்ந்த நீலமாகும். பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காற்று மூலக்கூறுகள் நீலத்தை அதிகம் சிதறடிப்பது காரணம் என்று படித்திருக்கிறோம். அந்தி நீலத்துக்கு அது போதாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபின் அதன் ஒளி வளிமண்டலத்தை மிக நீண்ட சாய்வான பாதையில் கடந்து வருகிறது. சிதறல் மட்டும் இருந்தால் தலைக்கு மேலே வானம் சாம்பலும் மஞ்சளுமாகத்தான் ஆகவேண்டும். அங்கே நீலத்தைக் காப்பாற்றுவது ஓசோன். மஞ்சள், ஆரஞ்சு நிற ஒளியை அது உறிஞ்சிக்கொள்கிறது. அந்தி வானத்து நீலத்தில் பெரும்பங்கு ஓசோனுடையது என்று அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பர்ட் 1953இல் காட்டினார்.

அந்த நேரத்தில் படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே விழுந்தால் பயப்படவேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மினுக்குகின்றன, சென்சாரோ படத்தை வரிவரியாக வாசிக்கிறது. ஷட்டர் வேகத்தை நொடியில் நூறில் ஒரு பங்குக்கோ ஐம்பதில் ஒரு பங்குக்கோ வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

செக்யூரிட்டி வந்து “எடுக்கக் கூடாது சார்” என்பது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம். பொதுச்சாலையில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கட்டடக்கலைப் படைப்பைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் மீறலாகாது என்கிறது. வளாகத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்த இடத்தின் விதி. ராணுவ, துறைமுகப் பகுதிகளில் வாதாடாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொள்வது உத்தமம்.

ட்ரைப் தஞ்சாவூரில் கேமராவை நகர்த்திக்கொண்டிருந்த அதே 1858இல், ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்தில் ஒரு தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தார் ஆல்பிரெக்ட் மைடன்பாயர் என்ற இளம் கட்டட அதிகாரி. உயரத்தில் தொற்றிக்கொண்டு அளவெடுத்தபோது தவறி விழப்பார்த்தார். உயிர் பிழைத்தவருக்கு ஒரு யோசனை வந்தது: சுவரில் ஏறி அளப்பதை விட்டுவிட்டு, கீழே நின்று எடுத்த படங்களிலிருந்து அளந்தால் என்ன? அதிலிருந்து பிறந்ததுதான் போட்டோகிராமெட்ரி. 1885இல் பிரஷ்ய அரசு அவர் தலைமையில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. அங்கே சேர்ந்த ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள், இரண்டாம் உலகப் போரில் சிதைந்த கட்டடங்கள் சிலவற்றைத் திருப்பிக் கட்டும்போது கைகொடுத்தன.

சுவர் குறுகுவதைக் குறையாகவே பேசிவந்தோம். மைடன்பாயர் அதைத் தகவலாகப் பார்த்தார். எவ்வளவு குறுகுகிறது என்பதிலேயே கேமரா எங்கே இருந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது என்ற விவரம் இருக்கிறது. ஒரே ஜன்னல் மூலையை இரண்டு வேறு இடங்களிலிருந்து எடுத்திருந்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் சந்திக்கும் இடம்தான் அந்த மூலை. இன்று இதைக் கணினி லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்து முழுக் கட்டடத்தின் முப்பரிமாண உருவத்தைத் தருகிறது. அதற்குப் படம் எடுப்பவர் ட்ரைப் நடந்ததைப்போல் நடக்கவேண்டும். சுவருக்கு இணையாக ஓரிரு அடி நகர்ந்து ஒரு படம், அடுத்ததில் முந்தையதன் மூன்றில் இரண்டு பங்காவது திரும்ப வரவேண்டும். நின்ற இடத்தில் திரும்பி எடுக்கும் பனோரமா இதற்கு உதவாது. இடம் மாறாததால் பார்வைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழும், குறுக்கே வெட்டிக்கொள்ளாது. முக்கியமாக, நிமிர்த்தாத, வெட்டாத மூலப்படம் வேண்டும். செயலியில் நிமிர்த்தியதும் கேமராவின் நிலையைக் காட்டும் தடயம் கலைந்துவிடும். ஆகவே அழகான படத்தை நண்பர்களுக்கு அனுப்புங்கள், மல்லாந்த மூலத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றாலும் கொஞ்சம் அளக்கலாம். சமதரையில் நிமிர்த்தி எடுத்த படத்தில் அடிவானக் கோடு எதை வெட்டினாலும் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். போன் தரையிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால், பக்கத்தில் நிற்பவரையும் தூரத்துக் கோபுரத்தையும் அந்தக் கோடு 1.5 மீட்டரிலேயே கடக்கும். கோபுரத்தின் அடியிலிருந்து கோடு வரை 40 புள்ளிகள், அடியிலிருந்து உச்சி வரை 1,147 புள்ளிகள் என்றால் 1,147ஐ 40ஆல் வகுத்து 1.5ஆல் பெருக்குங்கள். 43 மீட்டர். எண்ணுவதில் ஒரு புள்ளி பிசகினால் விடை ஒரு மீட்டர் தள்ளிப்போகும், ஆனாலும் சங்கிலி பிடித்து யாரும் மேலே ஏறவில்லை.

ரிப்பன் மாளிகைக்கு அருகில், இப்போது புறநகர் ரயில் முனையம் இருக்கும் இடத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறந்த செங்கல் கட்டடம், பழைய புத்தகத்துக்கும் பறவைகளுக்கும் பேர்போனது, 1985இல் எரிந்துபோனது. அதன் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கும். முன்னால் தாத்தா விறைப்பாக நிற்பார், பின்னால் ஒரு வளைவும் அரைக் கோபுரமும் சாய்ந்துகொண்டு தெரியும். தாத்தாவின் உயரம் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். அடிவானக் கோடு அவர் உடம்பில் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று, வளைவின் கிடைக்கோடுகளை நீட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு படத்தின் சாய்வை நிமிர்த்திவிட்டால் அந்த வளைவின் உயரம் ஐந்து நிமிடக் கணக்கு.